குடும்பத்தோடு சேர்த்து வைத்தவர்

திருச்சுழி ரோட்டில் ராஜகுரு நடத்திய அநாதை இல்லத்துக்கு இரண்டு கணக்கு இருந்தது. அரசாங்கத்துக்கு இருபது பிள்ளைகள், அனுமதி அவ்வளவுதான். சென்னையிலிருந்து நன்கொடை அனுப்பும் இம்மானுவேலுக்கு அறுபது. உண்மையில் இருந்தது நாற்பத்தொன்று. பல வருஷம் பலசரக்குக் கடை நடத்தியவருக்கு இதெல்லாம் உறுத்தவே இல்லை.

ஒரு புதன்கிழமை போன் வந்தது. குடும்பப் பராமரிப்பு இல்லாமல் எத்தனை பிள்ளைகள் வாழ்கிறார்கள் என்று மாவட்டம் முழுக்க எண்ணுகிறார்களாம். நாளைக் காலை ஆள் வருமாம்.

ராஜகுரு சமையல்காரி கனகலட்சுமியைக் கூப்பிட்டார். "இருபதுக்கு மேல இருக்கிறதுகள நாளைக்கு ஒருநா வெளிய அனுப்பணும். தாய் தகப்பன் இருக்கிற பிள்ளைக எத்தனைம்மா?"

"மூணு பேரைத் தவிர எல்லாருக்கும் இருக்காகய்யா. பரளச்சி, நரிக்குடின்னு பக்கத்துலதான். படிக்க வைக்கிறேன்னு நீங்கதானே பேசிக் கூட்டியாந்தீக?"

ராஜகுருவுக்கு மனசு வலித்தது. இவ்வளவு பெரிய இல்லத்தில் மூன்றே மூன்று அநாதைகளா!

விடிந்ததும் வேன் வந்தது. பாதிப் பேரைத்தான் ஏற்றச் சொல்லியிருந்தார். ஊருக்குப் போகிற வேன் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், பிள்ளைகள் ஜன்னல் வழியாகவும் ஏறிவிட்டார்கள். இடமில்லாமல் டிரைவர் இரண்டாவது நடையும் அடித்தார். ராஜகுரு குளித்து, பூஜை முடித்து, சாப்பிட்டுவிட்டு வந்தபோது மூன்று பேர்தான் மிச்சம்.

கணக்கெடுக்க வந்த சுவாதி, "இவ்வளவுதானா சார்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் நின்றது. அறுபது புத்தகப் பைகளோடு இம்மானுவேல் சொல்லாமல் கொள்ளாமல் வந்திறங்கினார்.

"மத்த பிள்ளைங்க எங்க?"

ராஜகுருவின் நாக்கு அதுவாகவே பேசியது. "எல்லாரையும் அவுகவுக குடும்பத்தோட சேத்து வச்சுட்டோங்கய்யா. பிள்ளைக பெத்தவககிட்டதானே வளரணும்?"

இம்மானுவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுவாதி அதை அப்படியே மேலே அனுப்பினாள். அடுத்த வாரமே விருதுநகரில் ஒரு சங்கத்தார் ராஜகுருவுக்குச் சால்வை போர்த்தினார்கள். மேடையில் அதே வசனத்தைச் சொன்னார். லோக்கல் டிவியிலும் வந்தது.

திரும்பி வந்த கையோடு நரிக்குடி அழகுத்தாய்க்குப் போன் போட்டார். "ஒம் மகளை எப்பம்மா அனுப்புற?"

"டிவில பாத்தேங்கய்யா. பெத்தவககிட்டதான் வளரணும்னு எம்புட்டு அழகாச் சொன்னீக! அதக் கேட்டப்பறம் அனுப்ப மனசு வருமா? இங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துட்டேன்."

மற்ற வீடுகளிலும் இதே பதில்தான். இதற்குள் மதுரையிலிருந்து ஒரு மாநாட்டில் பேச அழைப்பு வந்துவிட்டது. பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்ப்பது எப்படி என்று.

வெள்ளை வேட்டி கட்டிக் காரில் ஏறப் போனவரை, எங்கேயும் போகாத மூவரில் ஒருத்தியான தங்கச்செல்வி மறித்துக் கேட்டாள்: "அய்யா, எங்களையும் யாரோடயாச்சும் சேத்து வைப்பீகளா?"

ராஜகுரு வாட்சைப் பார்த்தார். "நேரமாச்சு தாயி, வந்து பேசுவோம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.