ஒரு சட்டி கூடுதல்

விடியற்காலை ஐந்தரைக்கே அம்பத்தூர் எஸ்டேட்டில் நுரை சேர்த்த சிமெண்ட் கல் வார்க்கும் ஒரு கொட்டகையின் மிக்ஸர் உறுமத் தொடங்கிவிட்டது. பூபாலன் மூட்டையை அறுத்துக் கவிழ்த்தான். சிமெண்ட் தூசி தொண்டை வரைக்கும் அப்பியது. தண்ணீர் விட்டு, நுரைக் குழாயைத் திறந்து, கூழைக் கிளறுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. எதிரே சகாயம்மாளும் மற்ற ஒன்பது பேரும் அச்சிலிருந்து கழற்றிய கற்களை நெஞ்சோடு அணைத்து லாரிக்குச் சுமந்தார்கள்.

ஒரு மாதமாக ஒரு கல்லும் உடையவில்லை. நேற்று மத்தியானம் வரை பூபாலனுக்கு அதில் பெருமைதான்.

முன்பெல்லாம் தூக்கும்போதே கல் பொடிந்துவிடும். உடைத்தவருக்கு இரண்டு நாள் வேலை கிடையாது என்பது முதலாளி வெங்கட் போட்ட சட்டம். மூன்று முறை கேட்டுக்கு வெளியே நின்ற சகாயம்மாளைப் பார்க்கப் பொறுக்காமல், பூபாலன் கலவையில் ஒரு சட்டி சிமெண்டைக் கூடப் போட்டான். கல் கெட்டிப்பட்டது. பிறகு எல்லாரும் போட்டார்கள். வெங்கட்டுக்கும் தெரியும், உடைசல் நின்றதால் கண்டுகொள்ளவில்லை. கெட்டியான கல்தான் நல்ல கல் என்று சிமெண்டில் கை வைத்த எவனும் நினைப்பான்.

நேற்றுப் பரிசோதனைக்கு விமான நிலையத்திலிருந்து சுசீலா என்ற அதிகாரி வந்தார். "இது செவுத்துக்கு வைக்கிற கல்லு இல்லப்பா. ஓடுபாதை முடிஞ்சும் நிக்காம வர்ற விமானம் இதுமேல ஏறும். சக்கரம் கல்ல நொறுக்கிப் புதைஞ்சாத்தான் நிக்கும். இல்லேன்னா அந்தாண்ட பள்ளம்" என்று சொல்லிக் குதிகாலால் ஒரு கல்லை அழுத்தினார். குதிகால் புதைந்தது. திருப்தியாகப் போய்விட்டார்.

அது வெங்கட் முந்தின நாளே ஒதுக்கி வைத்திருந்த, கூடுதல் சிமெண்ட் சேராத பழைய கல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த வேலை. பக்கத்திலேயே நின்ற பூபாலன் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம். அந்த வெட்கத்தில் வீட்டில் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

இப்போது அவன் மிக்ஸரை நிறுத்தினான்.

"யக்கா, அந்தக் கல்ல மிதி."

நேற்று அதிகாரி சொன்னதைக் கேட்டிருந்த சகாயம்மாள் மிதித்தாள். கீறல்கூட விழவில்லை. அவள் முகம் செத்துப்போனது.

"எனக்காண்டிதானே போட்டே" என்றாள் மெதுவாக.

வெங்கட் வெளியே வந்தார். "மிக்ஸர் ஏன் நிக்குது?"

"லாரி போவக்கூடாது சார். கல்லு நொறுங்காது. கூட சிமெண்ட் போட்டது நான்தான்."

"எனக்குத் தெரியாதா? எந்த விமானம்யா தெனமும் ஓடுபாதைய தாண்டுது?"

"ஒருநாள் தாண்டுச்சுன்னா?"

"கெடுத்தவன் பூபாலன்னு எழுதிக் குடுப்பேன். ஜெயிலுக்குப் போறியா?"

பூபாலன் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தான். "எழுதிக் குடு சார். பொய் இல்லியே."

சகாயம்மாள் ஒரு கல்லை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கித் தரையில் போட்டாள். தொம்மென்று விழுந்து அப்படியே கிடந்தது.

"பாரு சார், ஒடையல. இதுக்குத்தான் ஒரு மாசமா சந்தோசப்பட்டுகினு இருந்தோம். நானுந்தான் போட்டேன். எம்பேரையும் எழுது."

"எம்பேரும்" என்றார் கல் சுமக்கும் அய்யாசாமி. ஒவ்வொருவராக வந்து, ரிவர்ஸில்தான் வெளியேற முடிகிற லாரிக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். "ஒடைஞ்சா வெளிய நிக்கவைக்கிற சட்டத்த எடு. அப்பத்தான் நல்ல கல்லு வரும்" என்றது ஒரு குரல். டிரைவர் ஜெகதீஷ் கண்ணாடியில் அவர்களைப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தான்.

"பதினோரு பேரும் நாளைலேர்ந்து வரவேணாம்" என்றார் வெங்கட். யாரும் எழுந்திருக்கவில்லை.

சுசீலா கொடுத்துப் போன அட்டையைப் பார்த்துப் பூபாலன் செல்போனில் எண்களை அழுத்தினான். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அழுத்தினான்.

"இன்னா சொல்றது யக்கா?"

சகாயம்மாள் நகர்ந்து அவன் தோளோடு தோளாக உட்கார்ந்தாள்.

"மொதல்ல நம்ம தப்ப சொல்லு. அப்புறம் அவரு தப்ப."

மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.