ஏப்ரலுக்குப் பிறகும் ஓஸ்மோவின் கையெழுத்து

செத்துப்போனவர் எழுந்து வந்து சரக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவாரா? கொய்வுசல்மி நகராட்சியில் போட்டிருந்தார்.

தணிக்கையாளர் ஹில்க்கா நீச்சல் குளத்துக் கொள்முதல் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பம்பு, வடிகட்டி, குளோரின் என்று எது வந்து இறங்கினாலும், குளத்தின் பராமரிப்பாளர் பார்த்துவிட்டுச் சீட்டில் கையெழுத்திட வேண்டும். சீட்டு இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா? அவளுக்குத் தணிக்கை என்றால் அவ்வளவுதான். முப்பது வருஷத்தில் ஒரு சரக்கையாவது கண்ணால் பார்த்திருப்பாளா, கேளுங்கள்!

எல்லாச் சீட்டிலும் ஓஸ்மோவின் கையெழுத்து. தேதிகளோ மே, ஜூன், செப்டம்பர். ஓஸ்மோவை ஏப்ரலில் புதைத்தாகிவிட்டது. பாதிரியார் சவப்பெட்டி மேல் மூன்று முறை மணல் தூவியபோது ஹில்க்கா இரண்டாவது வரிசையில் நின்றிருந்தாள்.

கொள்முதல் பிரிவுத் தலைவர் வேய்க்கோவிடம் கோப்பைக் கொண்டுபோய்ப் போட்டாள்.

"அடப் பாவமே, செத்தும் அவனுக்கு லீவு கிடைக்கலையா?" என்று அவர் காப்பியைக் கீழே வைக்காமலே சிரித்தார்.

"விளையாடாத வேய்க்கோ. நீ பார்க்கவே இல்லையா?"

"கையெழுத்து இருந்துச்சு, பார்த்தேன். வேற என்ன பார்க்கணும்? புது ஆள் போடுங்கன்னு எழுதி எழுதிக் கை வலிக்குது. சீட்டு ஒழுங்கா வருதுல்ல, அத ஏன் தோண்டுற?"

எவனோ திருடுகிறான் என்று ஹில்க்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதன்கிழமை காலை பதினொரு மணிக்குச் சீட்டுக் கட்டோடு குளத்தின் நிலவறைக்குள் தானே இறங்கினாள். எண்ணிப் பார்த்தால் எல்லாம் அப்படியே இருந்தது. 'இரண்டாம் வடிகட்டியின் மூடி பொருந்தவில்லை, திருப்பி அனுப்பவும்' என்று ஜூன் சீட்டில் ஒரு குறிப்பு, மூடி மாற்றப்பட்டிருந்தது. உயிரோடு இருப்பவர்கள் போட்ட சீட்டுகளில் இப்படி ஒரு வரியை அவள் கண்டதேயில்லை.

அப்போது படியில் சாவிக்கொத்துக் குலுங்கியது. காலை இழுத்து இழுத்து யாரோ இறங்கினார்கள். உடம்பில் ஓஸ்மோவின் நீல வேலை அங்கி. ஹில்க்கா சீட்டுக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"பயந்துட்டியா? நான்தான்."

தூலிக்கி, ஓஸ்மோவின் மனைவி. நகராட்சி ஆவண அறையில்தான் வேலை. அவருடைய பூட்ஸ் அவளுக்குப் பெரிதாக இருந்ததால் இழுத்து நடந்தாள்.

"நீயா போட்டே இத்தனையும்? ஏன்டி இப்படிப் பண்ணினே? வேலை போயிடும்!"

"போகட்டும்."

"பம்பு, வடிகட்டி எல்லாம் உனக்கு என்ன தெரியும்? இந்த மூடி பொருந்தலேன்னு யார் சொன்னா?"

"அவர்தான். சரக்கு வந்தா இங்க வந்து நிப்பேன். வீட்ல, கல்லறையில எல்லாம் பேசமாட்டார். இங்க மட்டும்தான், காதுகிட்ட. இத எழுது, அத விடாதன்னு சொல்வார். நான் எழுதுவேன். அவர் சொன்னதுக்கு அவர் பேரைப் போடாம என் பேரையா போடுவேன்?"

பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. ஹில்க்கா தன்னை அறியாமல் காதைத் தீட்டினாள். குளோரின் நெடிதான் மூக்கில் ஏறியது.

"நான் இத அறிக்கையில எழுதியாகணும் தூலிக்கி. தெரிஞ்ச பிறகு மூடி மறைக்க என்னால முடியாது."

"எழுது. ஆனா நீ எழுதிட்டா அப்புறம் அவர் யார்கிட்டப் பேசுவார்? அதை மட்டும் சொல்லிட்டு எழுது."

ஹில்க்கா பேனாவை எடுத்தாள். பாழாய்ப்போன வேலை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். குளோரின் பீப்பாய் மேல் தாளை வைத்து, 'மேற்கண்ட கையெழுத்துகளை இட்டது நானே. சரக்குகள் அனைத்தும் நேரில் பார்க்கப்பட்டவை' என்று தூலிக்கி சொல்வதாக வாக்குமூலம் எழுதினாள். இரண்டாவது வரியை யாரும் கேட்கவில்லை. அவளால் முடிந்தது அதுதான்.

"இங்க உன் பேரைப் போடு."

தூலிக்கி பேனாவை வாங்கினாள். பள்ளிப் பிள்ளை மாதிரி நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். எழுதியதும் தலையைச் சாய்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்.

"என்ன தூலிக்கி?"

"ஷ்ஷ்... இரு."

மறுபடி காத்திருந்தாள். பிறகு சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றி ஹில்க்காவின் கையில் வைத்தாள்.

"பேசலை," என்றாள். "போயிட்டார்."