எட்டாவது தோட்டா

2019 அக்டோபர் 12, சனிக்கிழமை. நெப்ராஸ்கா மாநிலக் கைத்துப்பாக்கிப் போட்டி பிளாட் ஆற்றுக்குத் தெற்கே உள்ள கார்ஸ்டன் சுடுதளத்தில் காலை எட்டரை மணிக்குத் தொடங்கியது. அப்போது வெப்பம் உறைநிலைக்கு மூன்று டிகிரி கீழே இருந்தது.

லோவெல் வாவ்ராவை அந்த மூன்று டிகிரி உறுத்திக்கொண்டே இருந்தது. விடியும் முன் டுவேன் ஏலர்ஸை அவர் வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டதும், டுவேனின் தோட்டாப் பெட்டியை வாங்கி, பிக்கப் வண்டியின் முன்பலகையில் சூடான காற்று வரும் துவாரத்துக்கு எதிரே வைத்தார். டுவேன் கையுறையைக் கழற்றியபடியே அதைப் பார்த்தார்.

"என்னடா, அடைகாக்குறியா? லிங்கன் போறதுக்குள்ள குஞ்சு பொரிச்சிடும்."

லோவெல் சிரித்து வைத்தார். வெடிமருந்து குளிர்ந்தால் மந்தமாக எரியும், குண்டு வேகம் குறைந்து போகும். டுவேனுக்கு இது தெரியாததல்ல. டீசல் இன்ஜின்களோடு காலம் தள்ளியவர், லோவெல்லைவிட ஆறு வயது மூத்தவர், லோவெல் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே காலிக் கூட்டில் மருந்தும் குண்டும் வைத்துத் தன் தோட்டாக்களைத் தானே நிரப்பிக்கொண்டிருந்தவர். ஒழுங்காக நிரப்பிய தோட்டா இந்தக் குளிருக்கெல்லாம் அசையாது என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் அவரால் கேலி செய்ய முடிந்தது.

சுடுகிறவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. தோட்டா கடையில் வாங்கியதாக இருக்கலாம், தான் நிரப்பியதாக இருக்கலாம். இன்னொருவர் வீட்டு நிலவறையில் நிரப்பிய தோட்டாவை மட்டும் யாரும் தன் துப்பாக்கியில் போட மாட்டார்கள். மருந்து கூடினால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். மிகவும் குறைந்தால் குண்டு குழாய்க்குள்ளேயே நின்றுவிடும், அடுத்ததைச் சுட்டால் குழாய் பிளக்கும். மனைவியையும் வண்டியையும்கூட நம்பி ஒப்படைக்கும் ஆட்கள் இதில் மட்டும் நண்பனை நம்ப மாட்டார்கள். அப்படியிருக்க, மே மாதத்தில் ஒரு நாள் டுவேன் லோவெல்லின் நிலவறைப் படிகளில் மெதுவாக இறங்கி வந்து, தன் வலது கையை வேலை மேசையின் விளக்கடியில் நீட்டிக் காட்டினார். கட்டைவிரலின் அடி மூட்டு வீங்கி ஒரு பக்கமாகப் பிதுங்கியிருந்தது. கூட்டின் அடியில் பொருத்தும் சின்ன மூடியை விரலால் பிடிக்க முடியவில்லை, எல்லாம் தரையில் சிதறுகிறது என்றார். "இனிமே நீதான் எனக்குப் பண்ணித் தரணும், லோவெல்," என்றார். பிறகு அதை லேசாக்க, தன் மனைவியையும் இழுத்து, "நீ என்னைக் கொன்னுட்டேன்னா கார்லாகிட்ட நீதான் சொல்லணும்," என்று சேர்த்துக்கொண்டார்.

அன்று இருவரும் சேர்ந்துதான் குண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். லோவெல் மூன்று எடைகளில் குண்டுகளை மேசைமேல் வைத்தார். எடை குறைந்த குண்டு வேகமாகப் போகும், ஒலியையே முந்தும், காதில் சவுக்கு மாதிரி வெடிக்கும், கையில் அறைந்தது போல் உதைக்கும். கனமானது ஒலிக்குப் பின்தங்கிப் போகும். சத்தம் மந்தமாக இருக்கும், உதை கையை அறையாமல் நெட்டித் தள்ளும். டுவேன் கனமானதை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறது, தன் வயதுக்கு இதுதான் பொருத்தம் என்றார்.

கனமான குண்டோடு நிறுத்தியிருக்கலாம். குண்டின் விசைக்குப் போட்டி விதி வைத்திருக்கும் கீழ்வரம்பைத் தொட்டு, கொஞ்சம் மேலே நின்று, நியாயமாகவே மென்மையான ஒரு தோட்டாவை லோவெல்லால் செய்ய முடியும். தனக்கு அப்படித்தான் செய்துகொண்டார். ஆனால் ஜூன் முதல் வாரப் போட்டியில் டுவேன் மூன்றாவது சுற்றுக்குப் பிறகு துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு, கையைக் கக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். "போதும்னு நினைக்கிறேன்," என்றார். லோவெல்லின் மனைவி அவரை விட்டு டென்வருக்குப் போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. சனிக்கிழமை என்றால் டுவேன்தான். போகும் வழியில் பண்ணைகளைப் பற்றிய வம்பு, திரும்பும் வழியில் ஒரு சாப்பாடு, நடுவில் இரண்டு பேரும் மாறி மாறி மோசமாகச் சுட்டதைப் பற்றிய நக்கல். அன்றிரவு நிலவறையில் மருந்தளக்கும் கருவியின் திருகை மயிரிழை குறைத்தபோது டுவேனின் கைக்காகச் செய்வதாகத்தான் லோவெல் நினைத்தார். அடுத்த முறை இன்னொரு மயிரிழை. குண்டு குழாயில் நிற்கும் அபாயத்துக்கு எங்கோ மேலே, விதியின் வரம்புக்கு நன்றாகக் கீழே. உள்ளூர்ப் போட்டிகளில் யாரும் வேகத்தை அளப்பதில்லை.

டுவேன் ஜூலையில் திரும்பி வந்தார். ஆகஸ்டில் லோவெல்லை இரண்டு முறை ஜெயித்தார். கை தானாகவே சரியாகிக்கொண்டு வருகிறது என்று எல்லோரிடமும் சொன்னார், மூட்டை மடக்கி நீட்டிக் காட்டினார். லிங்கனில் குறித்திருந்த அறுவைச் சிகிச்சையை ரத்து செய்தார். கார்லா கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு லோவெல்லின் வீட்டுக்கு வந்து, "உங்களாலதான் மனுஷன் மறுபடி வீட்டை விட்டு வெளிய போறாரு," என்று சொல்லி அவரைக் கட்டிக்கொண்டாள். லோவெல் தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கொலாச்சிகளை அவரால் சாப்பிட முடியவில்லை. வீணாக்கவும் மனமில்லாமல் ஃப்ரீசரில் வைத்தார்.

பிறகு டுவேன் யாரையும் கேட்காமல் மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். மாநிலப் போட்டியில் ஒருவர் விடாமல் எல்லோருடைய தோட்டாவையும் அளப்பார்கள். லோவெல் இரண்டு நாள் உட்கார்ந்து சரியான அளவில் புதிதாக நிரப்பி, ஒன்றும் சொல்லாமல் கொடுத்தார். புதன்கிழமை டுவேன் அந்தப் பெட்டியோடு திரும்பி வந்தார். கட்டைவிரலின் மேல் ஈரத் துணி சுற்றியிருந்தது. இதில் என்னவோ தப்பாகிவிட்டது, மருந்து மாறிப்போச்சா பார், பழையதைக் கொடு என்றார். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் இனி வராது என்று லோவெல்லுக்குத் தெரிந்திருந்தது. அலமாரியைத் திறந்து பழையதை எடுத்துக் கொடுத்தார்.

முதல் சுற்று முடிந்ததும் அதிகாரி ஒருவர் வந்து ஒவ்வொருவர் இடுப்புப் பட்டையிலிருந்தும் எட்டுத் தோட்டாக்களை எடுத்து, பெயர் எழுதிய பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போனார். பிக்கப்பில் ஏற்றிய சூடு எப்போதோ போயிருக்கும். பத்தரை மணிக்கு அவர்கள் குழு அளக்கும் கூடாரத்துக்குப் போனது. மேசைக்குப் பின்னால் பெக் ராஸ்மஸ்ஸன் உட்கார்ந்திருந்தாள். தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள், காதுவரை இழுத்த கம்பளிக் குல்லாய். ஒரு குண்டைப் பிரித்து எடை போடுவாள், மூன்றைச் சுட்டு வேகம் பார்ப்பாள். எடையையும் வேகத்தையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வரும் எண் நூற்று இருபத்தைந்துக்குக் கீழே போகக் கூடாது.

லோவெல்லுக்கு நூற்று முப்பத்தொன்று வந்தது. பெக் பேனாவால் ஒரு குறி போட்டாள்.

டுவேனின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டாள். நூற்றுப் பதினெட்டு. நிமிர்ந்து பார்த்துவிட்டு மேலும் மூன்றைச் சுட்டாள். எண் நூற்றுப் பத்தொன்பதைத் தாண்டவில்லை. பின்னாலிருந்து ஒரு இளைஞன், அவ்வளவு மெதுவாகவும் இல்லாமல், "தாத்தா பஞ்சு அடைச்சு எடுத்துட்டு வந்திருக்காரு போல," என்றான். யாரோ சிரித்தார்கள். டுவேனின் காதோரம் சிவந்தது.

"இது நீங்களே நிரப்பினதா, டுவேன்?" என்று பெக் கேட்டாள்.

லோவெல் வாயைத் திறந்தார். டுவேன் முந்திக்கொண்டார்.

"என் துப்பாக்கி. போட்டது நான்."

பெக் அதற்குமேல் கேட்கவில்லை. பையில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. எட்டாவது தோட்டாவை என்ன செய்வது என்று போட்டியாளரே சொல்லலாம். சுட்டால் வேகம் கூடுதலாக வரலாம். பிரித்தால் குண்டின் எடை கூடுதலாக இருக்கலாம். எது கூடினாலும் எண் கொஞ்சம் ஏறும்.

"சுடவா, எடை போடவா?"

டுவேன் திரும்பி லோவெல்லைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் கொஞ்சமும் இல்லை, யோசனை கேட்கிற பார்வை. "எது?" என்றார் தணிந்த குரலில்.

எதுவானாலும் ஒன்றுதான் என்று லோவெல்லுக்குத் தெரியும். குண்டுகள் எல்லாம் ஒரே வார்ப்பு, மருந்தெல்லாம் ஒரே திருகின் அளவு. இன்னொரு தடவை அந்த மந்தமான சத்தத்தைக் கேட்கவும், எண் விழுவதைப் பார்க்கவும் தெம்பில்லாமல், "எடை போடச் சொல்லு," என்றார்.

பெக் தோட்டாவைச் சுத்தியல் போன்ற ஒரு கருவியில் பூட்டி, மரக்கட்டையில் இரண்டு முறை தட்டினாள். குண்டு கழன்றது. அதைத் தராசில் வைத்தாள். இருக்க வேண்டிய எடை இருந்தது, ஒரு துளி கூடவில்லை. பிறகு கருவியைக் கவிழ்த்து, கூட்டில் இருந்த மருந்தைத் தகரத் தட்டில் கொட்டினாள்.

முதலில் பிரித்த தோட்டாவின் மருந்தை அவர்கள் வருவதற்கு முன்பே கொட்டியிருந்தாள். அதை யாரும் பார்க்கவில்லை. இதை டுவேன் பார்த்தார். தராசை அவர் பார்க்கவே இல்லை. தட்டின்மேல் குனிந்து, அந்தச் சாம்பல் நிறக் குவியலின் ஓரத்தில் சுண்டுவிரலை வைத்தார். இத்தனை காலம் கையால் அளந்தவருக்கு அதற்குமேல் அளக்க ஒன்றும் தேவையில்லை.

கூடாரத்தை விட்டுச் சற்றுத் தள்ளி, வைக்கோல் கட்டுகளுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் பேசினார்.

"எப்பலேர்ந்து?"

"ஜூன்லேர்ந்து."

"உன்னோடது நூத்தி முப்பத்தொண்ணு."

"ஆமா."

டுவேன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலை மெதுவாக மடக்கினார். அது பாதியில் நின்றது. "அப்ப இந்தக் கை..." என்றார்.

லோவெல் கூடாரத்தின் பக்கம் திரும்பினார். "நான் போய் பெக்கிட்ட சொல்லிடறேன். நான்தான் நிரப்பினேன்னு, உனக்கு எதுவும் தெரியாதுன்னு."

"நீ வாயை மூடு. ஏமாத்துக்காரன்னு பேர் வந்தா வந்துட்டுப் போவுது. இரக்கப்பட்டு எனக்கு மருந்து குறைச்சுக் குடுத்தாங்கன்னு இவனுங்க பேசக் கூடாது."

லோவெல்லுக்கு அப்போதுதான் புரிந்தது, ஒப்புக்கொள்வதுகூடத் தன் நிம்மதிக்காகத்தான் என்று. நின்ற இடத்திலேயே நின்றார்.

எண் குறைந்தவர் மதிப்பெண் இல்லாமல் தொடர்ந்து சுடலாம். பெரும்பாலும் யாரும் தொடர்வதில்லை, பையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். டுவேன் விற்பனைக் கூடாரத்துக்குப் போய், கடைத் தோட்டா இரண்டு பெட்டி வாங்கினார். மிச்சச் சுற்றுகள் அத்தனையையும் சுட்டார். ஒவ்வொரு தோட்டாவுக்கும் துப்பாக்கி மேலே எகிறியது, இடது கை நழுவியது, அவர் நிறுத்தி, பிடியைச் சரிசெய்து, மறுபடி சுட்டார். கடைசிச் சுற்றில் அவர் முடிப்பதற்கு வெகு நேரம் ஆனது. எழுதிக்கொள்ளத் தேவையில்லாதபோதும் அதிகாரி ஒவ்வொரு இலக்காக நடந்து போய், பட்டதையும் தவறியதையும் உரக்கச் சொன்னார். அவருக்குப் பின்னால் லோவெல் ஓட்டைகளின் மேல் காகிதப் பட்டை ஒட்டிக்கொண்டே போனார். பழுப்பு நிறப் பட்டை குளிரில் விரலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

திரும்பும்போதும் இருவரும் ஒரே பிக்கப்பில்தான் வந்தார்கள், வேறு வண்டி இல்லை. அறுவடை முடிந்த சோள வயல்கள் இரு பக்கமும் நெடுகக் கிடந்தன. டுவேன் வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "கார்லாகிட்ட நானே சொல்லிக்கிறேன்," என்றார். கதவை இடது கையால் சாத்தினார்.

முடிவுகள் அன்று மாலை இணையத்தில் வந்தன. அவர்கள் பிரிவில் எண்பத்தேழு பேர். லோவெல் வாவ்ரா பதினோராவது. டுவேன் ஏலர்ஸ் எண்பத்தேழாவது, மதிப்பெண் பூஜ்யம்.