வெள்ளை விரிப்பின் மேல் பீட்ரூட்

ஜூஸ் பிழியும் மெஷினை நான் அழுக்கு மூட்டைக்குள் வைத்துத்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தேன். ஒரு விடுதியின் தலையணை உறைகள், குளியல் துண்டுகள், நடுவில் அது. அப்பா வேனின் பின்கதவைத் திறந்து பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார்.

"மூட்டை இன்னிக்கு ரொம்ப கனம் போல."

"ஈரத் துண்டுப்பா."

"ஈரத் துண்டுல இருந்து ஒயர் தொங்குது. உள்ள தள்ளு."

அம்மா கொதிகலன் பக்கம் குனிந்திருந்தாள். அவள் நிமிர்வதற்குள் நான் மூட்டையோடு படியேறி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டேன். இருபத்தெட்டு வயதில் ஒரு பழச்சாறு மெஷினுக்காக இதயம் இப்படி அடித்துக்கொள்ளும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எங்கள் வீடு ஒரு சலவை நிலையம். கீழ்த்தளம் முழுக்கத் துணி. முன்னறையில் இஸ்திரி உருளை, நடுவறையில் மடிப்பு மேசை, சமையலறையின் பாதியில் அடுக்குகள். இரண்டு விடுதிகளும் ஒரு கண் மருத்துவமனையும் எங்களிடம் வெளுக்கப் போடுகின்றன. எல்லாம் வெள்ளை. நான் பிறப்பதற்கு முன் அடுக்கின் மேல் ஒரு பாத்திரம் தக்காளிச் சாறு கவிழ்ந்து, மறுநாள் திருமண விருந்துக்குப் போகவேண்டிய மேசை விரிப்புகள் எல்லாம் பாழாகி, ஒரு பெரிய விடுதி எங்களை விட்டுப் போய்விட்டது. அன்றிலிருந்து அம்மா நிறமுள்ள எதையும் வாசற்படி தாண்ட விட்டதில்லை. எங்கள் வீட்டில் பால், ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டை, வாழைப்பழம். ஆப்பிள்கூடத் தோல் சீவிய பிறகுதான் உள்ளே வரும். பள்ளியில் மற்றவர்கள் ஊதா நாக்கை நீட்டிக் காட்டும்போது நான் என் நாக்கை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வேன். காட்ட ஒன்றும் இருக்காது.

ரயில் ஓட்டும் பயிற்சிக்கு எழுத்துத் தேர்வில் தேறினேன். கண் பரிசோதனையில் தேறினேன். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி ஆறு. பன்னிரண்டு வேண்டும். ஆறு வாரம் கழித்து ஒரே ஒரு மறுபரிசோதனை, அதோடு வயது வரம்பு முடிகிறது. பரிசோதனை நிலையத்தின் செவிலி என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "முன்னாடியே இரும்புச் சத்து மாத்திரை போட்டிருக்கீங்கன்னு எழுதியிருக்கே, எதோட போட்டீங்க?" என்று கேட்டாள்.

"பாலோட."

"நல்லா போட்டீங்க போங்க. பால் அதை உடம்புல சேரவே விடாது. ஆரஞ்சு, கொய்யா, எலுமிச்சை, இப்படிப் புளிப்பா எதையாவது பிழிஞ்சு அதோட போடுங்க. கீரை, பீட்ரூட்டும் சேத்துக்குங்க. மாத்திரைதான் முக்கிய வேலை பார்க்கும், ஆனா தட்டுல கொஞ்சம் கலரும் இருக்கட்டும்." பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "வீட்ல கலரா எதுவும் சமைக்க மாட்டாங்களா?"



மாடி அறையில் முதல் நாள் நான் செய்யாத தவறு கிடையாது. ஆரஞ்சைத் தோலோடு போட்டேன். அது கசப்பு என்ற சொல்லின் அர்த்தத்தையே மாற்றியது. கீரையைக் கட்டாகத் திணித்தேன். மெஷின் ஒரு முறை முனகி, பச்சை நுரையை மட்டும் துப்பிவிட்டு நின்றது. பீட்ரூட்டை முழுசாக அழுத்தினேன். உள்ளே இருக்கும் திருகு அசையவில்லை. சல்லடையை அப்புறம் கழுவலாம் என்று விட்டேன். மாலையில் அதன் கண்களில் நார் காய்ந்து, பல்துலக்கியால் அரை மணி நேரம் சுரண்டவேண்டியிருந்தது. துணிக்காரி என்பதால் இன்னொன்றும் செய்தேன். வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். சல்லடை வெளுக்கவில்லையே என்று அதை வெளுப்பு நீரில் ஊறப்போட்டேன். மறுநாள் சாற்றில் கண் மருத்துவமனையின் வாசனை வந்தது. அத்தனையையும் கொட்டினேன்.

பழக்கடை அக்காவிடம் போய் நின்றபோது அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பீட்ரூட்டா? உங்க வீட்டுக்கா? உங்கம்மா என் கடையைப் பார்த்தாலே ரோட்டுக்கு அந்தப் பக்கம் போறவங்களாச்சே." காகிதத்தை ஒன்றுக்கு மூன்றாகச் சுற்றிக் கொடுத்தாள். "விரல் கனத்துக்கு நறுக்கு. ஒரு துண்டு கீரைன்னா அடுத்து ஒரு துண்டு ஆப்பிள். கெட்டியானது பின்னாடி வந்து மெல்லிசைத் தள்ளிட்டுப் போகும். அவசரப்படாத. மெஷினுக்கும் மெல்ல நேரம் வேணும்ல, மாமியார் மாதிரி திணிக்காத."

அதன் பிறகு சாறு சாறாக வந்தது. காலை ஐந்தரை மணிக்கு, கொதிகலன் சூடாவதற்கு முன், மாடி அறையில் நின்று மாத்திரையைப் போட்டு அதைக் குடிப்பேன். மண்வாசனையும் இனிப்புமாகத் தொண்டைக்குள் இறங்கும். கண்ணை மூடினால், நான் பெயர்ப்பலகையில்கூடப் படித்திராத நிலையங்கள் ஒவ்வொன்றாக எதிரே வந்து பின்னால் போகும். மீதியைக் குடுவையில் மூடி வைத்துவிட்டு இறங்குவேன். சில நாட்களில் குடுவை நான் விட்ட அளவைவிடக் குறைந்திருந்தது. ஆவியாகிறது என்று நினைத்தேன். நாள் முழுக்க நீராவியில் நிற்பவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

இரண்டாவது வாரத்தின் முடிவில், அப்பா குளியலறையிலிருந்து வெளுத்த முகத்தோடு வெளியே வந்தார்.

"எனக்கு என்னமோ ஆயிடுச்சு," என்று அம்மாவிடம் மெல்லிய குரலில் சொன்னார். "சிவப்பா போகுது. சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிடு."

அம்மா உள்ளே போய்ப் பார்த்தாள். ஒரு நிமிடம்தான். கறையைப் பார்த்தால் அவளுக்கு அதன் ஊர், பேர், வயசு எல்லாம் தெரியும். வெளியே வந்தபோது அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அது இரத்தமில்ல. பீட்ரூட். எங்க வச்சிருக்க?"

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நல்லாதான்டி இருந்துச்சு," என்றார் என்னிடம், மன்னிப்புக் கேட்பது போல.

அம்மா மாடி ஏறி மெஷினைத் தூக்கிவந்து மடிப்பு மேசையின் மேல் வைத்தாள். அதுவரை அவளிடம் நான் பயிற்சியைப் பற்றிச் சொல்லவில்லை. அன்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கறையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"ரயில் ஓட்டறவ எங்க சாப்பிடுவா? எந்த ஊர்ல படுப்பா?"

"போற ஊர்ல."

"அது என்ன பதில்?"

"அம்மா, இந்த ஊருக்கு வர்றவங்க எல்லாரோட படுக்கையும் நம்ம கைக்கு வந்துட்டுப் போகுது. நான் ஒரு நாள்கூட வேற படுக்கைல படுத்ததில்ல."

அவள் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு அடுக்கிலிருந்து அன்று இஸ்திரி போட்ட வெள்ளை விரிப்பு ஒன்றை எடுத்து, ஒரே உதறில் மேசை மேல் விரித்தாள். மெஷினை அதன் நடுவில் வைத்தாள்.

"ஒளிஞ்சு செய்ய வேண்டாம். இங்கயே செய். மேசை மேல வெள்ளை, உன் மேலயும் வெள்ளைச் சட்டை. மிச்சம் இருக்கற நாள் முழுக்க. ஒரு சொட்டு விழுந்தா மெஷினும் போகும், ரயிலும் போகும். சரியா?"

"சரி," என்றேன். யோசிக்கவே இல்லை. அவளைத் தோற்கடிக்கப் போகிறேன் என்ற ஒரே நினைப்புதான் இருந்தது.

இருபத்தெட்டு காலைகள். ஒவ்வொரு நாளும் எட்டரை மணிக்கு அம்மாவே புது விரிப்பு விரிப்பாள், எதிரே கைகட்டி நிற்பாள். நான் வெள்ளைச் சட்டையின் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு, பீட்ரூட்டைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள்ளேயே வைத்து நறுக்கக் கற்றுக்கொண்டேன். துண்டுகளைக் கரண்டியால் எடுத்து இடக்கையை அடியில் ஏந்தியபடி போடுவேன். மெஷினின் மூக்கில் தொங்கும் கடைசிச் சொட்டுதான் எமன். அதற்கு ஒரு துண்டு ஆப்பிளைக் கடைசியில் விட்டு, சிவப்பு போய் வெளிர்மஞ்சள் வரும் வரை காத்திருந்து மூடியை அடைப்பேன். சக்கையை ஈரத்தோடு எடுக்காமல், மெஷினை வெறுமனே கொஞ்சம் ஓடவிட்டுப் பொடியாக்கி எடுப்பேன். கழற்றிய பாகங்களை வாளிக்குள் மூழ்கவைத்த பிறகுதான் மூச்சு விடுவேன். அம்மா குனிந்து விரிப்பை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்ப்பாள். பிறகு உருவி மடிப்பாள்.

"ஆபரேஷன் தியேட்டர்ல வாழற மாதிரி இருக்கு," என்றார் அப்பா.

"உங்களுக்கும் ஒரு கிளாஸ் ஊத்தட்டுமாப்பா?"

"ஐயோ, வேண்டாம்மா. நான் பட்டது போதும்."

மூன்றாவது வாரத்தில் படியேறும்போது எனக்கு மூச்சு வாங்கவில்லை. நனைந்த போர்வையை ஒற்றைக் கையால் தூக்கினேன். அம்மாவும் அதைப் பார்த்தாள். மறுநாள் விரிப்பை விரிக்கும்போது அவள் கை வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

மறுபரிசோதனை நாள் வந்தது. பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் பீட்ரூட்டை வழக்கத்தைவிட மெல்லிசாக நறுக்கினேன். எல்லாம் முடிந்து, மூடியும் அடைத்து, கோப்பையைத் தூக்கினேன். கோப்பையின் அடியில் ஒட்டியிருந்த ஒரு சொட்டு, அதுவரை எங்கே ஒளிந்திருந்ததோ, விரிப்பின் நடுவில் விழுந்தது. ஒரு மிளகளவு. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூல் நூலாகப் பரவி ஒரு பொத்தான் அளவு ஆனது.

அம்மா கையை நீட்டி ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

"பேசினது பேசினதுதான்," என்றாள். குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அவள் குரலில் நிம்மதி இருந்தது. "மணி ஒன்பதாச்சு. ஆஸ்பத்திரி உருப்படி கிடக்கு. வா, உருளைக்கு அந்தப் பக்கம் நில்லு."

இருபத்தெட்டு நாட்களாக நான் ஒரு சொட்டுக்குப் பயந்து நின்றிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளைத் தோற்கடிப்பதாக நினைத்துக்கொண்டு, அவள் விரித்த துணிக்குள்ளேயே நின்றிருந்தேன்.

"நான் வரல," என்றேன்.

"சரின்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சொட்டு விழுந்துச்சும்மா, ஒத்துக்கறேன். ஆனா நான் போவேன்."

"பந்தயம்னா பந்தயம்."

"என் இரத்தத்தை வச்சு நான் எதுக்குப் பந்தயம் கட்டணும்?"

அவள் மெஷினைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். குழந்தையை யாரோ பிடுங்க வருவதுபோல. தண்ணீர்ப் பாத்திரத்தில் தோல் சீவிய பீட்ரூட் ஒன்று மீதி இருந்தது. எடுத்தேன். அது ஹீமோகுளோபின் அளவில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாது என்று எனக்குத் தெரியும்; செவிலி சொன்னதெல்லாம் மனப்பாடம். இருந்தாலும் கடித்தேன். பச்சை பீட்ரூட்டை அப்படிக் கடிப்பது சுலபமில்லை, கடைவாயில் வைத்து உடைக்க வேண்டியிருந்தது. சாறு தாடையில் வழிந்து, கழுத்தில் இறங்கி, சட்டையின் முன்பக்கத்தில் பரவியது. மெஷின் இல்லாவிட்டால் எனக்குப் பல் இருக்கிறது. வெள்ளை அடுக்குகளுக்கு நடுவில், இஸ்திரி உருளைக்கு முன்னால், அம்மாவின் கண்ணைப் பார்த்தபடி, கடைசித் துண்டு வரை மென்று விழுங்கினேன். பிறகு பரிசோதனைக் காகிதங்களை எடுத்துக்கொண்டு வாசற்படி இறங்கினேன்.

தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். பழக்கடை அக்கா கையில் இருந்த தராசுத் தட்டோடு அப்படியே நின்றாள். "ஏய், என்னடி இது கோலம்?" என்றாள். கையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பின்னால் பத்தடி தூரத்தில், ரப்பர் செருப்பின் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. அது யாருடையது என்று எனக்குத் தெரியும்.

பரிசோதனை நிலையத்தில் செவிலி என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"என்னங்க இது, இரத்தமா?"

"இல்ல, பீட்ரூட். இரத்தம் உள்ள இருக்கு. எடுத்துக்குங்க."

பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர், எனக்குப் பின்னால் வந்து நின்ற அம்மாவிடம், "பொண்ணுக்கு அடி ஏதாவது பட்டிருச்சாம்மா?" என்று விசாரித்தார்.

"இல்லைங்க," என்றாள் அம்மா. மூச்சு வாங்கியது அவளுக்கு. "ஜூஸ் குடிச்சா."

அவள் கையில் மடித்த சட்டை ஒன்று இருந்தது. நீட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. நான் வாங்கவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கறைபட்ட சட்டைக் கையை இன்னும் மேலே மடித்துவிட்டுக்கொண்டு முழங்கையை நீட்டினேன். ஊசி இறங்கியது. சின்னக் கண்ணாடிக் குழாய் கீழிருந்து மேலாக நிறைந்தது. செவிலி அதில் என் எண்ணை ஒட்டினாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" அம்மாதான் கேட்டாள்.

"அரை மணி நேரம். உக்காருங்கம்மா."

வீட்டில் கொதிகலன் எரிந்துகொண்டிருக்கும். மருத்துவமனைத் துணி அப்படியே கிடக்கும். அம்மா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டையை மடிமேல் வைத்துக்கொண்டாள். நான் உட்காரவில்லை. தடுப்புக் கண்ணாடிக்கு அப்பால், இரத்தம் உறையாதபடி ஆட்டும் ஒரு சிறிய தட்டின் மேல் இருபது குழாய்கள் ஒன்றாகப் படுத்து, இடமும் வலமுமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே சிவப்பு. வலமிருந்து நாலாவது என்னுடையது. கலந்துபோய்விடாமல் இருக்க, அதன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றேன்.