மூன்று மீட்டர் வயர்

ஒரு நோயாளியின் மருந்துப் பட்டியலில் "வெங்காயம் அரைக் கிலோ" என்று ஏறிவிட்டது. ஏற்றியவள் மின்னல்.

மின்னல் என்பது அலுவலகம் வைத்த பட்டப்பெயர். மருத்துவர்கள் வாயால் சொல்லிப் பதிவுசெய்து அனுப்பும் அறிக்கைகளை வீட்டிலிருந்தே கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. சில மருத்துவர்கள் பிஸ்கட்டை மென்றுகொண்டே பேசுவார்கள். சிலர் கொட்டாவிக்கு நடுவே நோயின் பெயரைச் சொல்வார்கள். அத்தனையையும் அள்ளிப் பிடித்து அடிக்கும் வேகத்துக்குக் கிடைத்த பெயர் அது. இப்படி அடிப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. காதில் விழுவது தலைக்குப் போகாமல் நேராக விரலுக்கு இறங்கிவிடும். எந்தக் காதில் விழுந்தது என்றெல்லாம் விரல் விசாரிப்பதில்லை.

வெங்காயத்துக்குப் பாதிப் பொறுப்பு அவள் கணவனுடையது. பழைய இயர்போன் அறுந்துபோனதும் இருவரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று வயர் இல்லாத இயர்பட்ஸ், மலிவு. இன்னொன்று காதை முழுசாக மூடும் ஹெட்போன், தடித்த வயர், மூன்று மீட்டர் நீளம். அதன் விலையைக் கேட்டதும் கணவன் கையில் இருந்ததை மிகவும் மரியாதையாகக் கீழே வைத்தான். "இந்தக் காலத்துல யாரு வயரைக் கட்டிட்டு அழுவா? இதைப் போட்டா நடந்துக்கிட்டே கேக்கலாம்" என்று இயர்பட்ஸை வாங்கிக் கொடுத்தான். நடந்துகொண்டே கேட்கலாம் என்றால் சமையல் செய்துகொண்டே கேட்கலாம் என்று அர்த்தம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

இயர்பட்ஸின் மங்கிய சத்தத்தைக்கூட மன்னித்துவிடலாம். அதன் பெரிய கோளாறு, அது இருப்பதே வெளியே தெரியாது. கூந்தல் மூடிவிடும். பார்ப்பவர்களுக்கு அவள் கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பதாகவே தோன்றும். பார்ப்பவர் என்றால் ஒரே ஒருவர்தான், மாமனார். கணவன் வாஷிங் மெஷின் ரிப்பேருக்குக் காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவான். மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி சீட்டில் நின்று டிரைவரை அதட்டிப் பழகிய குரல். கண்ணாடி எங்கே, தபால் வந்ததா, வெளியே மேகம் கட்டுகிறதே, துணியை எடுத்துவிடவா என்று நாள் முழுக்க அந்தக் குரல் அவளிடம் வந்துகொண்டே இருக்கும். பாவம், பேச அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மனசு கேட்காமல் ஒரு காதில் மட்டும் இயர்பட்ஸை மாட்டி, இன்னொரு காதை மாமனாருக்கு ஒதுக்கினாள். மருத்துவர் "காலை ஒன்று, இரவு ஒன்று" என்று சொல்லி மூச்சு வாங்கிய இடைவெளியில், வெங்காயம் அரைக் கிலோ போதுமா என்று மாமனார் கேட்டார். அவள் "போதும் மாமா" என்றாள். விரலும் தன் கடமையைச் செய்துவிட்டது.

நல்லவேளை, கையெழுத்துப் போடும்முன் மருத்துவர் பார்த்துவிட்டார். அலுவலகத்தின் மேற்பார்வையாளர் அம்மா போனில் கூப்பிட்டார்.

"டாக்டர் சிரிச்சுட்டார். நான் சிரிக்கலை. இன்னொரு தடவை இப்படி வந்தா உங்களை நிறுத்த வேண்டியிருக்கும்."

சம்பளம் ஒருபுறம் இருக்கட்டும். வீட்டில் அவள் மருமகள், மனைவி. அவள் கைத்திறமைக்காக ஒரு பெயர் வைத்துக் கூப்பிடும் இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அதை வெங்காயத்துக்குப் பறிகொடுக்க அவள் தயாராக இல்லை. மறுநாள் தனியாகவே கடைக்குப் போய், சேர்த்து வைத்ததைத் துடைத்து எடுத்துக் கொடுத்து ஹெட்போனை வாங்கி வந்தாள். கணவன் விலையை ஒரே ஒரு முறை கேட்டான்.

மாட்டியதும் வேறு உலகம். மருத்துவர் தாள் புரட்டுவதும் அவர் அறையின் கடிகாரம் நடப்பதும்கூடக் கேட்டது. கேட்காமல் போனது சொந்த வீடுதான். மதியம் கழற்றியபோது மாமனார் பக்கத்தில் நின்றிருந்தார். நான்கு முறை கூப்பிட்டிருக்கிறார். ஒரு பஸ்ஸையே நிறுத்திய குரலுக்கு மருமகள் திரும்பவில்லை என்றதும் மனிதருக்கு முகம் சுண்டிவிட்டது.

இதுவரை சொல்லாததை அவள் அன்றுதான் வாய்விட்டுச் சொன்னாள். "மாமா, இது தலையில இருக்கிற வரைக்கும் நான் ஆபீஸ்ல இருக்கேன். இன்னொரு தப்பு வந்தா வேலை போயிடும்."

அவர் வயரைப் பார்த்தார். அது அவள் தலையிலிருந்து இறங்கி மேஜையைச் சுற்றிக் கம்ப்யூட்டரில் போய்ச் சேருவதைக் கண்ணாலேயே அளந்தார்.

"எங்க பழைய வண்டியில மணிக்கயிறு இருந்துச்சும்மா. ஒரு இழுப்புன்னா நிறுத்து, ரெண்டுன்னா போலாம். ஓடுற வண்டியில டிரைவர்கிட்ட யாரும் பேச்சு குடுக்க மாட்டாங்க."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுவே சட்டம். இவ்வளவு விலை கொடுத்த வயரைப் பிடித்து இழுப்பதா என்று முதலில் அவளுக்கு நெஞ்சு பதறியது. ஆனால் அவர் இரண்டு விரலால்தான் தொட்டார். முதல் வாரம் நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு நிறுத்தம். போகப் போகக் குறைந்தது. வண்டியை நிறுத்தும் அளவுக்கு இது பெரிய விஷயமா என்று யோசித்துப் பார்த்தால் பாதி விஷயம் அங்கேயே உதிர்ந்துவிடும் போலிருக்கிறது. கண்ணாடியை அவரே தேடிக்கொண்டார். வெங்காயத்தைச் சொந்தப் பொறுப்பில் ஒரு கிலோவாக வாங்கினார். சேர்ந்துபோன பேச்சையெல்லாம் நான்கு மணி டீக்கு எடுத்து வைப்பார். அவளும் இரண்டு காதையும் திறந்து வைத்துக் கேட்பாள்.

மாதக் கடைசியில் மேற்பார்வையாளர் அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. ஒரு பிழையும் இல்லை, மின்னல் வேலையில் தொடரலாம். அன்றைய அறிக்கைகளும் மூன்று மணிக்கே முடிந்துவிட்டன. எழுந்தால் துணி மடிக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். அவளுக்கு எழ மனமில்லை. கம்ப்யூட்டரிலிருந்து வயரின் பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டுவிட்டு, ஹெட்போனைக் கழற்றாமல் கண்ணை மூடி உட்கார்ந்தாள். காதில் ஒன்றும் ஓடவில்லை. யாரும் கூப்பிடாத அந்த நேரம் அவ்வளவு சுகமாக இருந்தது.

நிழல் தட்டியது. அரைக்கண்ணால் பார்த்தாள். மாமனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து தரையில் கிடந்த பிளக்கை எடுத்தார். அதைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்கு உடம்பு கூசியது. யார் காலிலும் மிதிபடாமல் பிளக்கை மேஜைமேல் வைத்தார். பிறகு இரண்டு விரலால் வயரைப் பிடித்தார். ஒரு இழுப்பு. ஹெட்போனைக் கழற்ற அவள் கையைத் தூக்குவதற்குள் இரண்டாவது இழுப்பும் வந்தது.

அவர் போய்விட்டார். சற்று நேரத்தில், அன்று வழக்கத்துக்கு முன்னதாகவே, வாசலில் பைக் நின்றது. கணவன் ஏதோ கேட்டபடி உள்ளே வந்தான். என்ன கேட்டான் என்பது காதை மூடிய பஞ்சைத் தாண்டி வரவில்லை. கண்டக்டர் குரல் மட்டும் தாண்டி வந்தது.

"அவ ஆபீஸ்ல இருக்கா. எது வேணும்னாலும் எங்கிட்ட கேளு."

மடியில் கிடந்த அவள் விரல்கள், பழக்க தோஷத்தில், அதை ஓர் எழுத்து விடாமல் அடித்தன.