பியாசனிக்காக வந்த மாவு

வொங்கானி அம்மாவின் முதுகில்தான் தூங்குவான். அதுவும் முதுகு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். தியஞ்சானே நின்றால் கண்ணைத் திறப்பான். உட்கார்ந்தால் வாயைத் திறப்பான். வீட்டில் இதுதான் சட்டம். சட்டம் போட்டவனுக்குப் பதினான்கு மாதம்.

ஆகவே அவள் வானொலித் தொடரை நடந்துகொண்டே எழுதினாள். எழுதினாள் என்பது கௌரவத்துக்குச் சொல்வது. பையனைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு, நிடிராண்டே என்கிற புறநகரில் தன் வீட்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தபடி வசனங்களைக் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்வாள். அவள் கதையில் ஒருத்தரும் உட்காருவதே இல்லை என்று கணவன் லிம்பானி கேலி செய்வான். லிலாங்வே சாலையில் லாரி ஓட்டுகிறவன். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவன் பேசத்தான் செய்வான்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் கடைசிப் பகுதியை அனுப்பியாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை கெடு தவறியிருந்தாள். மூன்றாவதும் தவறினால் அடுத்த தொடரைக் கல்யாணமாகாத ஒரு இளைஞனிடம் கொடுத்துவிடுவதாகத் தயாரிப்பாளர் சொல்லியிருந்தார். அந்த இளைஞனை அவள் பார்த்ததில்லை. ஆனால் அவன் நாற்காலியில் சாய்ந்து, ஆறாத தேநீரை உறிஞ்சியபடி எழுதுவதாக நினைத்துப் பார்த்து மனதார வெறுத்தாள்.

கதாநாயகன் பியாசனி சாக வேண்டும். அவன் மனைவி அழ வேண்டும். அழுகைதான் வரவில்லை. "என்ன விட்டுட்டுப் போயிட்டியே ராசா" என்று முதல் தடவை சொன்னபோது கோழிக்கு விலை கேட்பதுபோல் இருந்தது. இரண்டாம் தடவை சுமார். மூன்றாம் தடவை அடிவயிற்றிலிருந்து எடுத்தாள். வொங்கானி அசையவில்லை.

பக்கத்து வீட்டு நாபிரி அசைந்துவிட்டாள்.

கால் மணி நேரத்தில் நாபிரி அதே தெருப் பெண்கள் நால்வரோடு வந்தாள். தலைக்குத் துணி கட்டியிருந்தார்கள். தட்டுகளில் மக்காச்சோள மாவு, ஒருத்தியிடம் விறகு. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தரையில் உட்கார்ந்தார்கள். சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் யார் போனது என்று கேட்கக் கூடாது. வீட்டார் சொல்கிறபோது சொல்வார்கள். அதுதான் மரியாதை.

சிக்கல் என்னவென்றால், சாவுச் செய்தி சொல்ல வருகிறவர்களும் அப்படித்தான் வருவார்கள். எடுத்த எடுப்பில் சொல்லமாட்டார்கள். முதலில் உட்காருவார்கள்.

தியஞ்சானே மாவைப் பார்த்தாள். லிலாங்வே சாலை கண்ணுக்குள் வந்தது. காலையில் லிம்பானி கிளம்பும்போது அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல், வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே கதவைச் சாத்தியிருந்தாள். கால்கள் நின்றுவிட்டன. வொங்கானி வீறிட்டான். நாபிரி எழுந்து வந்து முடிச்சை அவிழ்த்துப் பையனைத் தன் முதுகுக்கு மாற்றிக்கொண்டாள். துக்கம் விழுந்தவளிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொள்வது வழக்கம். அதற்குமேல் தியஞ்சானேவுக்குச் சந்தேகமே இல்லை. அப்படியே தரையில் சரிந்தாள். இப்போதும் அழுகை வரவில்லை.

"எந்த எடத்துல நடந்துச்சு?" என்றாள் கடைசியில்.

"எதும்மா?"

"லிம்பானிக்கு."

நாபிரி மற்றவர்களைப் பார்த்தாள். "லிம்பானிக்கு என்ன? இப்பதான, நீ எடுக்கலன்னு எனக்கு போன் பண்ணான். டெட்சாவுல உருளைக்கிழங்கு மலிவா இருக்காம், ஒரு மூட்டை வாங்கவான்னு கேட்டான். நீ அழுதன்னுதான் வந்தோம், வொங்கானி அம்மா. யாரு போனது?"

தியஞ்சானே தரையில் கிடந்த கைப்பேசியைக் காட்டினாள். "பியாசனி."

"ரேடியோ பியாசனியா?" நாபிரிக்கு உண்மையிலேயே முகம் வாடிவிட்டது. "அவன எதுக்குடி கொல்ற? ஏழு மாசமா அவனுக்காக ஜெபம் பண்ணிட்டு இருக்கேன்."

அப்போதுதான் அழுகை வந்தது. சிரிப்பும் சேர்ந்து வந்ததால் எது எதென்று பிரிக்க முடியவில்லை. விறகுக்காரி முதலில் சிரித்தாள், பிறகு எல்லோரும். கைப்பேசியை எடுத்து லிம்பானியை அழைத்து, என்ன கேட்பதென்று தெரியாமல், உருளைக்கிழங்கு இரண்டு மூட்டையாக வாங்கச் சொன்னாள்.

சாவு வீட்டுக்கென்று எடுத்த மாவைத் திரும்பக் கொண்டுபோவது நல்லதில்லை என்று நாபிரி தீர்ப்புச் சொன்னாள். வந்தது வந்தாயிற்று, சமைத்துச் சாப்பிட்டுவிட்டே போவார்கள். அதுவரை தியஞ்சானே உள்ளே போய் அந்தப் பியாசனிக்கு ஒரு வழி பண்ணட்டும்.

அவள் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகு இத்தனை லேசாக இருப்பது ஏதோ திருட்டுத்தனம்போலத் தோன்றியது. பதிவு செய்த ஒப்பாரியை அழித்தாள். அந்த இடத்தில், மாவுத் தட்டுக்கு முன்னால் எதுவும் கேட்கத் துணியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை எழுதினாள். கை வலிக்க வலிக்க எழுத்து வந்தது. பியாசனியைக் கொல்ல வேண்டிய பக்கம் வந்ததும் கை ஓடவில்லை. அவனை வேறொரு சாலை வழியாக வீட்டுக்கு வரவைத்தாள். கதைக்கு அது நல்லதா என்று தெரியாது. அவளுக்கு நல்லதாக இருந்தது.

இரண்டு ஐம்பதுக்குப் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினாள். 'கிடைத்தது. அடுத்த தொடரை எப்போது தொடங்கலாம்?' என்று பதில் வந்தது.

வெளியே அந்த மாவில் கிண்டிய நிசிமாக் களியும் மீன் குழம்பும் காத்திருந்தன. பியாசனி பிழைத்தானா என்று ஐந்து பேரும் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் கேட்டுக்கொள்ளச் சொன்னாள். நாபிரிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரு மீனை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

"இனி வெள்ளிக்கெழமைன்னா பையன எங்கிட்ட விட்டுரு. ஆனா கத்தாத. வேலிக்கு மேல ஒரு குரல் குடுத்தா போதும்."

தியஞ்சானே வாய் நிறைய நிசிமாவோடு தலையாட்டினாள்.