கூடவே வந்த சிரிப்பு

சமயவியல் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் நடத்திய வரவேற்பு வாரத்தின் முதல் நாள், ஓர் அரங்கம் முழுக்கச் சிரித்த சிரிப்பு பூட்டுக்காரரின் மூத்த மகளோடு பேருந்தேறி வீட்டுக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டது. வந்த அன்று அது சமையலறையில் பாத்திரப் பலகைக்கு அடியில் இருந்தது. அந்த வாரக் கடைசியில் கூடத்துக்கு மாறியது. மழை நாட்களில் கொஞ்சம் நமுத்துப்போய்க் கேட்கும், வெயில் காலத்தில் அப்பளம் நொறுங்குவதுபோலக் கேட்கும். மற்றபடி அது தேயவும் இல்லை, வளரவும் இல்லை. பெரியவள் வாயைத் திறந்தால் போதும், உடனே ஆரம்பித்துவிடும்.

பூட்டுக்காரர் கடைத்தெருவில் சாவி வெட்டிக் கொடுப்பவர். அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. மூன்று பிள்ளைகள். நடுவில் பிறந்த பையன் ஒரு சாதாரணக் காய்ச்சலில், டாக்டரே பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய காய்ச்சலில், போய்விட்டான். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரியவள் பள்ளிக்கூடம் முடித்ததும் கணக்கியல் படி, கம்ப்யூட்டர் படி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் சமயவியல்தான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று அப்பா கேட்டதற்கு, வேலைக்காகப் படிக்கவில்லை என்றாள்.

அந்தத் துறையின் தலைவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் மைக். கையில் மைக் கிடைத்துவிட்டால் கீழே வைக்கமாட்டார். கெட்டிக்காரர், எல்லா மதத்து நூல்களும் தலைகீழ்ப் பாடம். வரவேற்பு வாரத்தில் பெயர் அட்டை, துணிப்பை, நூலகத்தைச் சுற்றிக் காட்டுவது, டீ, பிஸ்கட் எல்லாம் முடிந்த பிறகு அவருடைய விளையாட்டு ஒன்று உண்டு. புதியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து இங்கே ஏன் வந்தோம் என்று சொல்ல வேண்டும். அவர் அதை அவரவர் குரலிலேயே மைக்கில் திருப்பிச் சொல்லிக் காட்டி, கூடவே ஒரு வார்த்தை போடுவார். அரங்கம் குலுங்கும். வெட்கப்பட்டவர்களும் அடுத்தவர் முறை வந்ததும் சிரித்துச் சரிக்கட்டிக்கொள்வார்கள். அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

பெரியவள் எழுந்து, "கடவுள்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும் சார்" என்றாள்.

"கடவுள்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும் சார்" என்றார் மைக், அவளுடைய மெல்லிய குரலை அப்படியே எடுத்து. "கேளும்மா. நாங்க சொல்லி அனுப்புறோம்."

அவள் அதை நம்பினாள். நிஜமாகவே கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். "என் தம்பியை ஏன் எடுத்துக்கிட்டார்னு கேக்கணும்."

மைக் ஒரு நொடி யோசித்தார். அந்த ஒரு நொடியில் அவர் வேறு என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். "அங்கேயும் ஆள் பத்தலையோ என்னவோ" என்றார்.

சிரிப்பு அவர் வாயில் முதலில் கிளம்பியது. பிறகு முன்வரிசை, பின்வரிசை, மாடம் என்று பரவி, கூரைவரைக்கும் போய்த் திரும்பியது. அவள் நின்றபடியே இருந்தாள். அது ஓய்ந்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, அடுத்தவங்க" என்றார். பெரியவள் துணிப்பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். சிரிப்பும் எழுந்து அவள் பின்னால் வந்தது. பேருந்தில் அவள் நடத்துனரிடம் ஊர் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் அது கூட இருப்பது தெரிந்தது.

பூட்டுக்காரர் முதலில் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். சிரிப்பு சமையலறையில் இருக்கும்போது கதவைச் சாத்தி, கடையிலேயே பெரிய பூட்டாகப் பார்த்து எடுத்து வந்து பூட்டினார். அது சாவித் துவாரம் வழியாக வந்தது. காது டாக்டர் வீட்டுக்கே வந்து, எல்லோர் காதும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லா மதத்துக் குருமார்களும் அவரவர் முறையில் வந்து பார்த்தார்கள். பெரியவளைப் பேசச் சொன்னார்கள், அவள் பேசினாள், அது சிரித்தது. அவர்களில் ஒருவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறது என்று கோபித்துக்கொண்டு செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டார். ஒரு தொலைபேசி நிறுவனத்தில் வேலை காலி என்று கேள்விப்பட்டு அம்மா அவளைக் கூட்டிப் போனாள். அவள் வணக்கம் என்று சொன்னதோடு அந்த வேலை முடிந்துபோனது. அதற்குப் பிறகு பெரியவள் பேசுவதை விட்டுவிட்டாள். பசித்தால் தட்டை எடுத்து வைப்பாள். தலை வலித்தால் நெற்றியைத் தொட்டுக் காட்டுவாள். தூக்கத்தில் முனகினால் மட்டும் சிரிப்பு எழும். அப்போது அம்மா வந்து அவள் வாயை மெல்லப் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

சின்னவளுக்கு அப்போது பால்பல் விழும் வயசு. அந்தச் சிரிப்போடுதான் அவள் வளர்ந்தாள். மற்றப் பிள்ளைகள் வாய்ப்பாடு மனப்பாடம் செய்த வயதில் அவளுக்கு அந்தச் சிரிப்பு தொடக்கத்திலிருந்து கடைசிவரை மனப்பாடம். இடது பக்கத்தில் மூக்கால் சிரிக்கும் ஒருவன், நடுவில் கீச்சென்று ஒரு பெண், பின்னால் பெஞ்சைத் தட்டும் ஒருத்தன் என்று பிரித்துச் சொல்வாள். எல்லாவற்றுக்கும் முதலில் வருவது ஒலிபெருக்கியை வாயருகில் பிடித்துக்கொண்டு சிரித்த ஒரு கனத்த சிரிப்பு. எல்லாவற்றுக்கும் கடைசியில் அதே ஆள் தொண்டையைச் செருமுவதும், "சரி, அடுத்தவங்க" என்பதும். இது யாரு அக்கா என்று அவள் ஒருநாள் கேட்டாள். பெரியவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே சின்னவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று அரங்கத்தில் நடந்ததை மட்டும் அம்மாவிடம் வார்த்தை வார்த்தையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பாடப் புத்தகத்தைப் பிரித்துவைத்துப் படிக்கத் தொடங்கினாள். அவள் நன்றாகப் படிப்பதைப் பார்த்து வீட்டில் சந்தோஷப்பட்டார்கள்.

சிரிப்புக்குக் காது மட்டும்தான், கண் கிடையாது என்பதை அவள் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தாள். ஒரு மத்தியானம் கொல்லைக் குழாயடியில் துணி அலசும்போது, அக்கா முன்பு எப்படிக் கூப்பிடுவாள் என்று நினைவு வந்து, அந்தக் குரலில் "அம்மா" என்று சொல்லிப் பார்த்தாள். கூடத்தில் அக்காவின் கட்டிலடியில் கிடந்த சிரிப்பு எழுந்து, நடையைத் தாண்டி, கொல்லைக்கு வந்து அவளைச் சுற்றிச் சிரித்தது. அன்றிலிருந்து அவள் அதைப் பழக்க ஆரம்பித்தாள். கூடத்திலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து தெருமுனைக்கு, தெருமுனையிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு. அக்கம்பக்கத்தார் அந்த வீட்டில் இரண்டாவது பெண்ணுக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

சமயவியல் துறையில் இடம் கிடைத்துவிட்டது என்று அவள் சொன்னபோது அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். அப்பா கடைக்குப் போய்விட்டார். பெரியவள் அவள் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"உனக்காகப் போகலக்கா" என்றாள் சின்னவள். "எனக்குத்தான் காது வலிக்குது."

வரவேற்பு வாரத்தின் முதல் நாள் காலை அவள் வாசலில் நின்று அக்காவின் குரலில் கூப்பிட்டாள். சிரிப்பு வந்தது. பேருந்தில் அது வழி தவறிவிடாமலிருக்க, வாய்க்குள்ளேயே அந்தக் குரலில் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே போனாள். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். பல்கலைக்கழகத்தில் பெயர் அட்டை கொடுத்தார்கள். துணிப்பை கொடுத்தார்கள். நூலகத்தைச் சுற்றிக் காட்டியபோது, அங்கே உரக்கப் பேசக்கூடாது என்பதால் சிரிப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டுப் போய், திரும்பி வரும்போது கூட்டிக்கொண்டாள். டீ குடிக்கவில்லை. அரங்கத்தில் நடு வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் மைக் கொஞ்சம் நரைத்து, கொஞ்சம் பெருத்து, அதே விளையாட்டை ஆரம்பித்திருந்தார். முதல் பையன் உலக அமைதிக்காக வந்ததாகச் சொன்னான். வேறு எங்கேயும் இடம் கிடைக்கவில்லையா என்று மைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் முறை வந்தது. அவள் எழுந்து, எவ்வளவோ வருஷமாகப் பழகிவைத்திருந்த அந்த மெல்லிய குரலில், "கடவுள்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும் சார்" என்றாள்.

பக்கத்தில் சிரிப்பு அசைவதை உணர்ந்தாள். அது எழுவதற்குள் மைக் தன் வழக்கப்படி, உதட்டைக் குவித்து, அதே குரலை அப்படியே எடுத்து, ஒலிபெருக்கி முழுக்க நிறையும்படி, "கடவுள்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும் சார்!" என்றார். அவர் மறந்துபோயிருந்தார். எத்தனையோ பேரைச் சொல்லிக் காட்டியவருக்கு ஒருத்தி நினைவில் இருக்க நியாயமில்லை. ஆனால் சிரிப்பு மறக்கவில்லை. அது திரும்பியது. வரிசை வரிசையாக ஏறி மேடைக்குப் போய், தான் முதன்முதலில் புறப்பட்ட வாயை அடையாளம் கண்டுகொண்டு, அவரைச் சுற்றி நின்று முழுசாகச் சிரித்தது. கீழே புதியவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. வெறும் மூடிய வாய்களுக்கு மேலே ஓர் அரங்கச் சிரிப்பு கேட்டது. கடைசியில் ஒரு செருமல். "சரி, அடுத்தவங்க."

மேடையோரத்தில் உட்கார்ந்திருந்த நூலகப் பொறுப்பாளரான பெண்மணி எழுந்துவிட்டார். அவர் அந்தத் துறையிலேயே படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். முதல் வருஷத்திலிருந்தே அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "நடுவுல கீச்சுன்னு ஒண்ணு கேக்குது பாருங்க" என்றார், முகம் வெளுத்து. "அது என்னோடது."

மைக் ஏதோ சொல்ல வந்தார். சிரிப்பு மறுபடி ஆரம்பித்தது. சின்னவள் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தை இமைக்காமல் பார்த்தாள். அவருக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தாள். புரிந்தது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் அத்தனை வருஷம் படித்திருந்தாள். அவளுக்கு வயிறு நிறைந்தது.

அன்று சாயங்காலம் அவள் தனியாகப் பேருந்தேறி வீடு திரும்பினாள். பெரியவள் சமையலறையில் நின்றிருந்தாள். கட்டிலடியில் சிரிப்பு இல்லாததை அவள் காலையிலிருந்தே கவனித்திருக்கிறாள், நம்பத்தான் இல்லை. சின்னவள் தலையசைத்ததும் பெரியவள் வாயைத் திறந்தாள். துரு ஏறிய கீல் மாதிரி ஒரு குரல் வந்தது. முதலில் தம்பியின் பெயரைச் சொன்னாள். பிறகு அந்தக் கேள்வியை, மேலே பார்த்து, முழுசாக, நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். பதில் வரவில்லை. ஆனால் யாரும் சிரிக்கவும் இல்லை. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பாவுக்குத்தான் கொஞ்ச நாள் அந்த நிசப்தத்தில் தூக்கம் வராமல் போனது.

மைக்கின் பாடு திண்டாட்டமாயிற்று. வகுப்பில் பாடம் எடுத்தால் சிரிப்பு. கூட்டத்தில் தீர்மானம் வாசித்தால் சிரிப்பு. சக பேராசிரியர் ஒருவர் இறந்தபோது இரங்கல் உரை ஆற்ற எழுந்தார், அந்தக் குடும்பத்தார் அவரை வெளியே அனுப்பினார்கள். சின்னவள் அவருடைய எல்லா வகுப்பிலும் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். சந்தேகம் கேட்டாள். சந்தேகம் இல்லாத இடத்திலும் கேட்டாள், அவர் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே. அவர் பதில்கள் சுருங்கிச் சுருங்கி ஆமாம், இல்லை என்றாகி, பிறகு தலையசைப்பாகின.

ஒருநாள் மத்தியானம் அவர் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் விலாசம் தேடிப் பார்த்துக்கொண்டு கடைத்தெருவுக்கு வந்தார். பெரியவள் அப்போது அப்பாவின் கடையில் உட்கார்ந்து சாவி வெட்டிக்கொண்டிருந்தாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாய் ஓயாமல் பேசுவாள் என்று தெருவில் பேர். சின்னவளும் விடுமுறைக்கு வந்து பக்கத்தில் இருந்தாள். அவர் படியேறி வந்து, "என்னை மன்னிச்சிடும்மா" என்றார். சிரிப்பு கடையை நிறைத்தது. சாவிக்குக் காத்திருந்தவர் பயந்து தெருவில் இறங்கிவிட்டார். பெரியவள் அது செருமி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள்.

"உங்களுக்கு என்ன வேணும் சார்?"

"இதைத் திரும்ப எடுத்துக்கம்மா. என்னால முடியல." மறுபடியும் சிரிப்பு. அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

சின்னவளுக்கு நெஞ்சில் என்னவோ இளகியது. அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா மென்மையானவள், ஓர் எறும்பைக்கூட மிதிக்காதவள் என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் எண்ணம்.

"என் தம்பி பேரு என்னன்னு அன்னைக்கு நீங்க கேட்டிருந்தா, இன்னைக்கு நான் யோசிச்சிருப்பேன்" என்றாள் பெரியவள். "வச்சுக்குங்க சார். போகப் போகப் பழகிடும்."

இயந்திரத்தைப் போட்டு அடுத்த சாவியை வெட்ட ஆரம்பித்தாள். அவர் படியிறங்கிப் போனார். அவர் முதுகையே சின்னவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் தலை நிமிராமல், "பாவமா இருந்தா ஓடிப்போய் ஒரு டீ வாங்கிக் குடு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள். சின்னவள் எழுந்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

பல்கலைக்கழகத்தால் அவரை வேலையைவிட்டு நீக்க முடியவில்லை. சிரிக்கப்படுவது ஒழுங்கீனம் என்று விதியில் எங்கேயும் இல்லை. சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஓர் அறை ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அவர் அங்கேதான் வருகிறார், வீட்டில் மனைவிக்கு ஓய்வு வேண்டும் என்பதால். தனியாக உட்கார்ந்து பழைய நூல்களை உரக்கப் படிப்பார். சின்னவள் அதே துறையில் விரிவுரையாளராகி, இப்போது வரவேற்பு வாரத்தை அவள்தான் நடத்துகிறாள். அந்த விளையாட்டு இல்லை. பெயர் அட்டையும் டீயும் பிஸ்கட்டும் உண்டு. புதியவர்களைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போகும்போது நூலகம் இது, கழிப்பறை அது என்று சொல்லிக்கொண்டே வந்து, சைக்கிள் நிறுத்துமிடத்தின் அருகே கொஞ்சம் நிற்பாள். அறைக்குள் ஒரு கிழக்குரலும், அதன்மேல் ஓர் அரங்கச் சிரிப்பும் கேட்கும்.

"அது முன்னாடி துறைத் தலைவரா இருந்தவர். அவர் பேசினா அப்படித்தான் கேக்கும். பரீட்சை சமயத்துல மட்டும் ஜன்னலைச் சாத்திக்குங்க" என்பாள்.

புதியவர்கள் தலையை ஆட்டுவார்கள். அவர்களில் யாராவது ஒருவர், குடிதண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்.